நாலு விரற்கடை இறங்கிய கார்

என் தங்கச்சி மாப்பிள்ளை மாரீஸ்வரனைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நிறை சொல்லியும் கேட்டதில்லை. ஊர் பாலவனத்தம். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் பிட்டர் வேலை. பைக்கில் போவார், பைக்கில் வருவார். ஐம்பது வயது தாண்டிய மனிதர். குடி இல்லை, சீட்டு இல்லை, கட்சி இல்லை, பேச்சும் இல்லை. போன் போட்டால் "ம்" என்பார். அந்த "ம்" சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று தெரிந்துகொள்ள நான் மறுபடியும் என் தங்கச்சிக்குப் போன் போட வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பழைய கார் வாங்கி அதைத் தாழ்த்தப் போகிறார் என்று எங்கள் ஊர் பரளச்சி வரைக்கும் செய்தி வந்தது.

காரைத் தாழ்த்துவது காலேஜ் பையன்கள் பார்க்கிற வேலை. பம்பர் தரையை நக்குகிற மாதிரி இறக்கிவிட்டு, சைலன்சரையும் மாற்றி, மதுரை ரிங் ரோட்டில் கத்த விடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் எதையும் உயர்த்தத்தான் பார்ப்பார்கள். வீடு கட்டினால்கூட, பிற்காலத்தில் எத்தனை தடவை ரோடு போட்டாலும் தண்ணீர் உள்ளே வராதபடிக்கு வாசலை மேலே தூக்கித்தான் வைப்போம். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு இந்த வயதில் என்ன வந்தது என்று கேட்டார்கள். மில்லில் பஞ்சுத் தூசி மூளைக்கு ஏறியிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். தூசி ஒன்றும் ஏறவில்லை. காரணம் என் தங்கச்சி தங்கலட்சுமி.

அவளுக்குச் சின்னப் பிள்ளையில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பி வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு நடப்பாள். அது முட்டியை மடங்க விடாது. வீடு, தெரு, ரேஷன் கடை எல்லாம் யார் கையையும் பிடிக்காமல் போய் வருவாள். ஏறுவதுதான் ஆகாது. பஸ்ஸோ வேனோ டிராக்டரோ, எதுவாக இருந்தாலும் ஆள் தூக்கி விட வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். டவுன் பஸ் வந்து நின்றால் கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பூமிநாதன் தங்கச்சியைத் தரையில் விடமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் விருதுநகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்து வாசலில் வேன் நின்றது. நான் ஒரு பக்கம், இன்னொருவர் ஒரு பக்கம் பிடித்து அவளை இறக்கினோம். சேலை கெண்டைக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஷூக் கால் ஆகாசத்தில் நின்றது. வாசலில் வீடியோக்காரர் வருகிறவர்களை எல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்து நிமிர்ந்தால், மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்லோமோஷனில், மேலேயிருந்து ரோஜா இதழ் உதிர்கிற மாதிரி டிசைன் போட்டு.

தங்கலட்சுமி எழுந்திருக்கவில்லை, அழவில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போகவில்லை.

இந்த நிலைமையில் என் மகள் துர்காதேவிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. அவளுக்கு ஒரே அத்தை. எங்கள் வீட்டு வழக்கத்தில் முகூர்த்தக்காலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது அத்தைதான். அத்தை வராவிட்டால் கால் ஊன்ற வேண்டாம் என்று துர்காதேவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், என் வீட்டுக்காரி முருகலட்சுமி மாதிரி. நான் பாலவனத்தம் போய்த் தங்கச்சியிடம் கேட்டேன். அவள் பயறு இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாரேண்ணே. எனக்கும் ஆசைதான். ஆனா ஒருத்தர் கையும் எம்மேல படக்கூடாது. நானா ஏறி நானா எறங்கணும். அப்பிடின்னா வாரேன், இல்லன்னா வரல."

மாரீஸ்வரன் அப்போது வாசலில் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதத்திலேயே கார் வாங்கிவிட்டார்.

பெட்டி மாதிரி உயரமான கார். முதலிலேயே தாழ்வான கார் ஒன்றை வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேன். தாழ்ந்த காருக்குக் கூரையும் தாழ்ந்திருக்கும், முட்டி மடங்காமல் கழுத்தை மட்டும் மடக்கி உள்ளே போக முடியாது என்று தங்கச்சிதான் விளக்கினாள். இந்தப் பெட்டிக் காரில் கூரை உயரம், கதவு அகலம். சீட்டும் வாசற்படியும்தான் அவளுக்கு எட்டவில்லை. சீட்டை மட்டும் இறக்கினால் வாசற்படி அங்கேயே நின்று காலைத் தட்டும். மொத்தக் காரும் இறங்கியாக வேண்டும்.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு அவரிடம் கணக்கு இருந்தது. வீட்டில் தங்கலட்சுமி உட்காருகிற மர நாற்காலி, கல்யாணமான புதிதில் அவரே காலை அறுத்துச் சரிபண்ணியது. அதில் அவள் தானாக உட்கார்ந்து தானாக எழுந்திருப்பாள். அந்த உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக் கொண்டுபோய்க் கார் சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சீட்டு நாலு விரற்கடை மேலே இருந்தது. அந்த நாலு விரல்தான் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினாலும் ஆகாது. பள்ளத்தில் உட்காருவது லேசு, எழுந்திருப்பதுதான் பாடு.

இறக்குவதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ரப்பர் பலூன் வைப்பது. டிக்கியில் ஒரு கம்ப்ரசர், ஒரு காற்று டேங்க். பொத்தானை அமுக்கினால் கார் இறங்கும், இன்னொன்றை அமுக்கினால் ஏறும். இன்னொரு வழி காயில்ஓவர். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்த கம்பம். மேலே மரை இருக்கும். வளையத்தை ஸ்பேனரால் திருகி வேண்டிய உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் நிறுத்தினதுதான், ஓடும்போது ஏற்றவோ இறக்கவோ முடியாது.

நான் ஏர் கட்சி. எனக்கு டிராக்டர் இருக்கிறது. ஹைட்ராலிக்கில் கலப்பையைத் தூக்கி இறக்குகிறவனுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஏறும்போது இறக்கு, ரோட்டில் தூக்கு. அவ்வளவுதான். ஆனால் மாரீஸ்வரன் மில் ஆள். அங்கே பாதி மிஷின் காற்றில் ஓடுகிறது. எந்த பைப்பில் எந்த மூட்டில் கசிகிறது என்று காதை வைத்துத் தேடுவதே பல நாள் அவர் வேலை.

"காத்துன்னா கசியும் மச்சான்" என்றார். அந்த மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

ஸ்பிரிங் என்று முடிவு பண்ணிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஏறுகிற உயரமும் ஓடுகிற உயரமும் ஒன்றாக இருந்தால் எங்கள் ரோட்டில் வண்டி வராது என்பது அவருக்கும் தெரியும். சாப்பிடும்போது போனில் வீடியோ பார்ப்பார். எந்த நாட்டுக்காரனோ எந்தப் பாஷையிலோ காரின் அடியில் படுத்துக்கொண்டு பேசுவான், இவர் ரசம் ஊற்றிக்கொண்டே பார்ப்பார். முடிவாச்சா மாப்ள என்று நான் தினமும் கேட்பேன். "ம்" என்பார். தங்கச்சிக்குப் போன் போட்டால், முடிவாகவில்லை என்பாள்.

ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி வரைக்கும் ஊருக்கு ஊர் வேகத்தடை. ஆடு அடிபட்டால் ஒன்று, ஆள் அடிபட்டால் இரண்டு என்று அவரவர் ஊரில் அவரவரே போட்டுக்கொண்டது. என் வீட்டு வாசலில் இருப்பது நான் பக்கத்தில் நின்று போட வைத்தது. கொத்தனார் போதும் என்றபோது இன்னும் ரெண்டு சட்டி கலவை போடச் சொன்னதும் நான்தான். இது போக, தை மாதம் வந்தால் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் முட்டி உயரத்துக்குப் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்றுகள் உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். வண்டிக்காரன் ஒதுங்கிப் போகக்கூடாது, செடி மேலே ஏறித்தான் போக வேண்டும். ஒதுங்கிப் போனால் கோபித்துக்கொள்வார்கள். தாழ்ந்த காரின் வயிற்றில் அந்தச் செடி சிக்கினால் கதை முடிந்தது.

கடைசியில் நானும் மாப்பிள்ளையும் தங்கச்சியுமாக மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். அவள் வண்டியில் ஏற அன்றைக்கும் என் கைதான் வேண்டியிருந்தது. ராஜகுரு என்பவர் இந்த வேலைக்கென்றே ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். நல்ல மனிதர், விளக்கமாகப் பேசுகிறவர். ஏற்கெனவே ஏர் போட்ட ஒரு காரை முற்றத்தில் நிறுத்தியிருந்தார். என்ன ஏது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பாருங்கள் அண்ணாச்சி என்று பொத்தானை அமுக்கினார்.

புஸ்ஸென்று பெரிய சத்தத்தோடு கார் தரையில் உட்கார்ந்தது. எருமை படுப்பதைப் பார்த்தது போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் போன ஒருவர் பைக்கை நிறுத்திப் போனை எடுத்துப் படம் பிடித்தார். ராஜகுரு இன்னொரு பொத்தானை அமுக்கினார். கம்ப்ரசர் தடதடவென்று ஓட, கார் எழுந்தது. இதையே போட்டுவிடலாம் என்று நான் சொல்லிவிட்டேன். யார் வண்டி, யார் பணம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மாரீஸ்வரன் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் காரில் உட்கார்ந்திருந்த தங்கச்சியிடம் போய், கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"நீ சொல்லு" என்றார்.

யோசித்துப் பார்த்தால், இந்த ரெண்டு மாதத்தில் ஏர் நல்லதா ஸ்பிரிங் நல்லதா என்று டீக்கடையில் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அது சத்தம் போடுதே. நான் ஏறப்போறேன், எறங்கப்போறேன்னு ஒவ்வொரு தடவையும் ஊருக்குத் தண்டோரா போடவா? எல்லாரும் திரும்பிப் பாக்காகள்ல. சத்தம் போடாததப் போடுங்க."

மாரீஸ்வரன் நிமிர்ந்து, "ஸ்பிரிங்" என்று ராஜகுருவிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. வேகத்தடையை எடுத்துச் சொன்னேன். உளுந்துச் செடியைச் சொன்னேன். பரளச்சி ரோட்டை ஆதியோடந்தமாகச் சொன்னேன். ராஜகுருகூட, அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார். மாரீஸ்வரன் மூங்கில் குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வேலை முடிந்த அன்று நான் போகவில்லை, கோபம் இருந்தது. குச்சிக்கும் சீட்டுக்கும் மட்டம் தட்டினாற்போல் வளையத்தைத் திருகி நிறுத்தினார்களாம். அவளும் அவருமாக உட்கார்ந்து பக்கத்தில் இருந்த வேகத்தடையில் ஏற்றிப் பார்த்தார்களாம். நூலிழையில் தப்பிப் போனதாம். மாரீஸ்வரன் மாதிரி அளந்து செய்கிறவரும் ஒரு இடத்தில் கோட்டை விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு ஒரு கார் ரெண்டே பேரோடு போனதாகச் சரித்திரமே கிடையாது.

முகூர்த்தக்கால் அன்று முறைப்படி நானும் முருகலட்சுமியும் தாம்பூலத் தட்டோடு போய் அவர்களை அழைத்தோம். வாசலில் கார் தாழ்ந்து, சாதுவாக நின்றது. தங்கலட்சுமி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். முன் கதவைத் திறந்ததும் பழக்கத்தில் என் ரெண்டு கையும் தானாக நீண்டன. அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நாற்காலியில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, இடது காலை ஒரு கையால் எடுத்து உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். கண்டக்டர் விசில் ஊதுகிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு சீர் ஏறியது. அத்தை சீர் என்றால் சும்மாவா? பித்தளை அண்டா, பானை, குத்துவிளக்கு, அரை மூட்டைத் தேங்காய், ஒரு முழு வாழைத்தார். பின் சீட்டில் முருகலட்சுமி. அவளுக்குப் பக்கத்தில் நான். என் வயிற்றைப் பற்றி நானே சொல்லக்கூடாது. மாரீஸ்வரன் ஏறி உட்காரும்போது கார் இன்னும் கொஞ்சம் அமுங்கியதை எல்லாரும் உணர்ந்தோம்.

அருப்புக்கோட்டை தாண்டி முதல் வேகத்தடையில் அடிவயிறு கர்ரென்று தேய்ந்தது. அவர் பிரேக் போட்டுப் பின்னால் எடுத்தார். இறங்கிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வாழைத்தாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கணக்கில் விட்டுப்போனது என்ன என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூச்சுக்கூட விடாமல் இவ்வளவு பாடுபட்ட மனிதர்.

நான் ஏர் கட்சிக்காரன் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், தங்கலட்சுமியை ஒரு நிமிஷம் தூக்கி இறக்கிவிட்டு வண்டியைத் தாண்ட வைத்துவிடலாம், நான் ஒரு ஆளே போதும் என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

அவள் திரும்பாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ இத்தன வருசம் என்னையத் தூக்கிவிட்டது போதும்ண்ணே. எறங்கி நட."

முருகலட்சுமி சிரித்துவிட்டாள். சிரித்தவளும் இறங்க வேண்டியதாயிற்று. ரெண்டு பேரும் இறங்கியும் தேய்ந்தது. வாழைத்தாரை நான் தோளில் போட்டுக்கொண்டு இறக்கியபிறகு தேயாமல் தாண்டியது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் அதே கதை. வேகத்தடை வரும், கார் நிற்கும், நானும் முருகலட்சுமியும் வாழைத்தாரும் இறங்குவோம், தாண்டி நடந்துபோய் ஏறிக்கொள்வோம். தங்கலட்சுமி முன் சீட்டில் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பரளச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சோலைச்சாமி உளுந்தைப் பரப்பியிருந்தார். எனக்குத் தெரிந்தவர், குத்தகைக்கு விதைக்கிறவர். காரைப் பார்த்ததும் ஏறி வரச் சொல்லிச் சந்தோஷமாகக் கையாட்டினார். நான் இறங்கிப் போய்ச் செடியைக் காலால் ஒதுக்க ஆரம்பித்தேன். எல்லாரும் உளுந்து மேலே ஏறிப் போவார்கள், நீங்கள் ஒருத்தர்தான் உளுந்தை ஒதுக்குகிறீர்கள் என்று சடைத்துக்கொண்டார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் காருக்குள் பார்க்கவில்லை. கவைக்கம்பை எடுத்து வந்து, நான் ஒதுக்கிய லட்சணம் பிடிக்காமல், கார் அகலத்துக்குத் தானே ஒரு பாதை எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக என் வீட்டு வாசல். பந்தலுக்கு முன்னால் நான் போட வைத்த வேகத்தடை, ரெண்டு சட்டி கூடுதலாக. பந்தலில் ஊரே நின்றது. மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். வீடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, அத்தை வருகிறார்கள் என்று சொல்லி முன்னால் ஓடி வந்தார். விருதுநகரில் நடந்த மாதிரி ஆகிவிடக்கூடாது.

கார் நின்றது. நான் வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வேட்டி அவிழ்கிற மாதிரி இருந்ததால் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். பின்னால் முருகலட்சுமி அண்டாவோடு வந்தாள். பெண்ணின் அப்பா காருக்கு முன்னால் தார் சுமந்து நடந்துவருவதைப் பார்த்ததும் மேளக்காரர்கள் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேமரா என் பக்கம் திரும்பியது. பந்தலும் திரும்பியது. நான் வேகத்தடையில் கால் வைத்து ஏறினேன், அது அவ்வளவு உயரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது, தடுமாறி, தாரோடு ரெண்டு சுற்றுச் சுற்றி நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

தாரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தங்கலட்சுமி பந்தலுக்குள் முகூர்த்தக்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள். துர்காதேவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காரிலிருந்து இறங்கியதை யாரும் படம் பிடிக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. நானும் பார்க்கவில்லை.

கல்யாணம் அருப்புக்கோட்டை மண்டபத்தில் நடந்தது. அங்கேயும் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. தாலி கட்டி முடிந்ததும் முகூர்த்தக்கால் வீடியோவைப் போட்டார்கள். நான் வாழைத்தாரோடு தடுமாறுவது ஸ்லோமோஷனில் வந்தது, மேலேயிருந்து ரோஜா இதழ் உதிர. மறுபடியும் போட்டார்கள். மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் தங்கலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். கோபப்பட வேண்டிய இடம்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பக்கத்தில் மாரீஸ்வரன் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அன்றைக்குப் பந்தல் வாசலில் அவள் சிரமமில்லாமல் இறங்கினாளா மாப்ள என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

அந்த ஒரு தடவை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.